காற்று இறக்கும் நேரம்

முன்பக்கத்து இடது டயரின் வால்வு மூடியைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு எப்சிபா சிவப்பு மணலில் குந்தி உட்கார்ந்தாள். கண்டதையும் வாயில் வைக்காதே என்று அவள் கணவர் தனசிங் எப்போதும் சொல்வார். இன்று பார்த்துக்கொண்டே நின்றார், ஆனால் சொல்லவில்லை. காரணம் இல்லாமல் ஒரு மனிதர் இருபத்தாறு வருஷப் பழக்கத்தை விடுவாரா. ஆணி முனையால் வால்வுக்குள் இருந்த ஊசியை அழுத்தினாள், காற்று சீறிக்கொண்டு வந்தது. முப்பத்திரண்டு இருப்பது பதினெட்டுக்கு இறங்க வேண்டும், ஒரு டயருக்கு மூன்று நிமிடம், நாலுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. காற்றுக் குறைந்தால் டயர் சப்பையாகி மணல்மேல் அகலமாக உட்காரும், புதையாது. குறைக்காமல் போனால் இந்தத் தேரி மணல் வண்டியை அச்சுவரைக்கும் விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். தனியாக வரும் நாட்களில் இந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் போல அவளுக்குப் பிடித்தது வேறொன்றும் கிடையாது. அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடை இல்லை, போனில் சிக்னல் இல்லை, சுற்றிலும் சிவப்பு மணல் மேடும் பனையும் உடைமரமும்தான், காலை ஆறரை மணிக்கு மணல் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும், டயர் இளகும்போது மனசும் கூடவே இளகிக்கொடுக்கும். இன்றைக்கு இளகவில்லை. இன்றைக்கு அவர் வந்திருக்கிறார். எதற்கு வந்திருக்கிறார்?

நேற்றுச் சோற்றில் மோர்க்குழம்பை ஊற்றிக்கொண்டே, நாளைக்கு நானும் வாரேன் என்றார். தேரிக்கா என்று கேட்டாள், தேரிக்குத்தான் என்றார், அப்பளத்தை நொறுக்கினார், பேச்சு அதோடு முடிந்தது. வண்டி வாங்கி இரண்டு வருஷமாக மாதத்தின் முதல் சனிக்கிழமை அவள் இங்கே வருகிறாள். அவர் ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவைதான் கூட வந்தார், அதுவும் கண்ணை இறுக மூடி, மேலே இருந்த கைப்பிடியைத் தொங்குகிறவர் மாதிரி பிடித்துக்கொண்டு ஜெபித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குப் போனதும், தார் ரோடு என்றால் உலகத்தின் எந்த மூலைக்கும் உன்கூட வருவேன், மணலுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே என்றார். அவளும் கூப்பிடவில்லை, அப்படிப்பட்டவர் தாமாக வருகிறார் என்றால், வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம், காற்றைக் கவனி, காற்று இறங்குகிறதா பார். ஆனால் மனசு அந்தப் பக்கம்தான் போனது. போன திங்கட்கிழமை ஸ்டேப்ளர் பின் தேடி அவருடைய பள்ளிக்கூடப் பையைத் திறந்தபோது நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. மேலே பெரிய எழுத்தில் மருத்துவச் சான்றிதழ், கீழே ஒரு டாக்டரின் சீல், பக்கத்தில் அவருடைய போட்டோ, புதுப் போட்டோ, நீலச் சட்டையில் தீர்ப்பைக் கேட்டுவிட்டு நிற்கிறவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் இருந்ததைப் படிப்பதற்குள் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. இருந்தபடியே மடித்து வைத்துவிட்டாள். அன்றிலிருந்து ஐந்து நாள். ஐந்து நாளும் அந்த நடுப்பகுதியை அவளே எழுதிக்கொண்டும் அழித்துக்கொண்டும் இருக்கிறாள்.

கேட்டுவிட வேண்டியதுதானே. கடையில் எத்தனை பேரை உட்கார வைத்து, இந்தக் கண்ணாடியா அந்தக் கண்ணாடியா, எது தெளிவா இருக்கு என்று மாற்றி மாற்றிக் காட்டி, நம்பர் ஏறிட்டுது அண்ணாச்சி, இனிமேல் இது இல்லாம முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவள். சொந்த வீட்டில் வாய் வரவில்லை. கேட்டால் பதில் வரும், கேட்காதவரைக்கும் அது ஒரு மடித்த காகிதம். மூன்று வாரமாக அவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஏழு மணிக்குத்தான் வருகிறார். ஸ்பெஷல் கிளாஸ் என்கிறார். பரீட்சை முடிந்த ஏப்ரல் மாசத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியலுக்கு என்ன ஸ்பெஷல் கிளாஸ். வந்ததும் இடது கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார். காலில் ஆரம்பிக்கிற வியாதி என்னென்ன? நெஞ்சு வியாதிக்கு இடது கைதானே வலிக்கும் என்பார்கள், கால் என்றால் ரத்தக் குழாய், இல்லை சர்க்கரை, இல்லை முதுகெலும்பு, இல்லை. காற்றழுத்த மானியை டயரில் வைத்துப் பார்த்தாள்.

"எவ்வளவு வந்திருக்கு?" என்று தலைக்குமேலே இருந்து கேட்டார்.

"இருபத்திநாலு."

"அப்பம் இன்னும் ஆறு."

இன்னும் ஆறு. சரியாகத்தான் சொன்னார். பதினெட்டில் நிறுத்த வேண்டும் என்று இவருக்கு யார் சொன்னது? அவள் சொன்னதில்லை. அவள் மணலைப் பற்றி வாயைத் திறந்தாலே செய்தித்தாளை விரித்துக்கொள்கிறவர். ஆணியை மறுபடி அழுத்தினாள், காற்று புறங்கையில் சில்லென்று பட்டது, ஆறு போனது, மூடியை வாயிலிருந்து எடுத்து மாட்டினாள், உப்பாக இருந்தது. எழுந்தபோது முழங்கால் முறிந்தது மாதிரி சத்தம் கொடுத்தது. அவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டாள். கை சூடாக இல்லை, குளிர்ச்சியாகவும் இல்லை, வழக்கமான கைதான், நடு விரலில் சாக்பீஸ் பிடித்த காய்ப்பு. பிடித்ததை விட மனசில்லாமல் ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டாள், அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

பின்பக்கத்து இடது டயர். இதுதான் போன ஆடி மாசம் முதலில் புதைந்த டயர். ஆடிக் காற்று மேட்டையெல்லாம் இடம் மாற்றிப் போட்டிருந்தது, முந்தின மாசம் ஏறின வழி அந்த மாசம் இல்லை, அவளுக்கு அது தெரியாமல் பழைய நினைப்பிலேயே ஏற்றிவிட்டாள். பாதியில் வண்டி தயங்கியது. தயங்கினதும் நிறுத்தியிருக்க வேண்டும், பின்னால் எடுத்திருக்க வேண்டும், அவளோ பயத்தில் ஆக்சிலேட்டரை மிதி மிதி என்று மிதித்து, கிளச்சையும் பாதியில் பிடித்துக்கொண்டு, கருகின நாற்றம் வந்தபோது பக்கத்தில் எங்கோ டயர் எரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். எரிந்தது அவளுடைய கிளச். நிலத்துக்காரர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார். அவர் அவளிடம் கண்ணாடி வாங்க வந்தவர், முந்திரி நட்டுப் பிழைக்காத பட்டா நிலத்தை, ஓட்டிக்கிடுங்க, போகும்போது முள்ளுவேலியை மட்டும் சாத்திட்டுப் போங்க என்று விட்டுக்கொடுத்தவர், சிரிக்காமல் இழுத்துவிட்டதுதான் பெரிய மரியாதை. மெக்கானிக் வன்னியராஜா கிளச் தட்டைக் கழற்றி, அடுப்பில் மறந்துபோன ஆப்பம் மாதிரி இருந்ததை அவள் கையிலேயே கொடுத்து, வண்டிமேல தப்பில்லக்கா, காலுமேலதான் என்றான். அன்றைக்கு அழுகை வந்தது. அப்புறம் கால் கற்றுக்கொண்டது. மணலில் மெதுவாகவும் போகக் கூடாது, பறக்கவும் கூடாது, ஒரே சீராகப் போக வேண்டும், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம்தான் திருப்ப வேண்டும், நிறுத்துவதாக இருந்தால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை வண்டிக்கு அடிப்பக்கம் தண்ணீர் அடிப்பது, இந்தச் செம்மண் ஈரம் பட்டால் களிம்பு மாதிரி அப்பிக்கொண்டு இரும்பைத் தின்றுவிடும். அடுத்து பிரேக்கில் மணல் துகள் இருக்கிறதா என்று பார்ப்பது, அடுத்து எஞ்சினின் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டுவது.

வடிகட்டி. மனசு மறுபடியும் மாட்டிக்கொண்டது. புதன்கிழமை, வண்டியை எடுக்காமல் போன அன்று, கடையைச் சாத்திவிட்டு வந்தபோது பின்வாசலில் துவைக்கிற கல்லின் ஓரத்தில் அவர் அந்த வடிகட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி முழுக்கச் செந்தூள், மூக்கு நுனிகூடச் சிவப்பு. யார் உங்களைச் செய்யச் சொன்னது என்று கேட்டதற்கு, சும்மா, எங்க இருக்குன்னு பாத்தேன் என்றார். இரண்டு வருஷமாக வண்டியின் முன்மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாத மனிதர். அவளுடைய தங்கராஜ் மாமா போவதற்கு முந்தின மாசம் வீட்டில் உள்ள ஃபேன் எல்லாவற்றையும் ஏணி போட்டு ஏறித் துடைத்தார். ஒருவரும் கேட்காமலேயே துடைத்தார். போகிறவர்கள் அப்படித்தான், விட்டுப்போகிற இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அவள் சமையலறைக்குள் போய் வெங்காயம் உரித்தாள், குழம்புக்கு வேண்டாத வெங்காயம், நாலு. ச்சே, என்ன மனசு இது. மாமாவுக்கு எண்பத்தொன்று, இவருக்கு ஐம்பத்திநாலு. மானியில் பதினாறு காட்டியது. நினைப்பு ஓடினதில் இரண்டு கூடுதலாகப் போய்விட்டது. போகட்டும், பதினாறு ஒன்றும் கெட்டதில்லை.

அவர் வண்டியைச் சுற்றி வந்து ஓட்டுநர் பக்கத்துக் கதவோரம் நின்று கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். உள்ளே பார்க்க என்ன இருக்கிறது? அவள் பின்பக்கத்து வலது டயருக்கு மாறினாள். தூரத்தில் மயில் ஒன்று மணல் மேட்டில் ஏறி, ஏறினது தப்பு என்று நினைத்தது போல இறங்கியது. வலது பக்கத்து இருக்கை அவளுடையது. கல்யாணமான நாளிலிருந்து அலமாரி இரண்டு பேருக்கும் பொது, சோப்பு பொது, போர்வை பொது, சொல்லப்போனால் மூக்குக்கண்ணாடிக் கூடுகூடச் சில நாள் மாறிப்போகும், அந்த இருக்கை மட்டும் அவளுடையது. அவர் அதைக் கேட்டதும் இல்லை, அதில் உட்கார்ந்ததும் இல்லை. அவர் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார் என்பது ஊருக்கே தெரிந்த கதை. இருபத்திநாலு வயதில், ஊருக்கே சோறு போடுகிற கோயில் அசனப் பண்டிகையன்று, சித்தப்பா மகனின் வேனைப் பத்தடி தள்ளி நிறுத்தச் சொன்னார்கள் என்று ஏறி, பிரேக் என்று நினைத்து மற்றதை மிதித்து, நேராகப் பந்தலுக்குள் போய்ச் சாம்பார் அண்டாவைச் சாய்த்துவிட்டார். ஒருவருக்கும் அடி இல்லை. எண்ணூறு பேர் அன்றைக்கு ரசமும் அப்பளமும் சாப்பிட்டுப் போனார்கள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அப்பா விசாரிக்கப் போன இடத்தில், யாரு, நம்ம சாம்பாரா, தங்கமான பையனாச்சே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கதையைக் கேட்டு அவள் மூன்று நாள் சிரித்தாள், மூன்றாம் நாள் சரி என்று சொன்னாள். அவரும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார், நன்றாகவே சிரிப்பார், ஆனால் அதற்கப்புறம் ஒரு சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டவில்லை. பஸ்ஸில் போனார், பஸ்ஸில் வந்தார். அதனால்தான் அவள் கற்றுக்கொண்டாள். நாற்பத்தேழு வயதில் தன் கடைச் சம்பாத்தியத்தில் இந்தக் குட்டையான, சதுரமான, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை வாங்கி, கடைவீதியில் முதல்முறை ஓட்டிக்கொண்டு போனபோது பஜாரே எட்டிப் பார்த்தது. பக்கத்தில் அவர் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார், ஏதோ தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி.

நல்ல மனிதர். தை மாசம் மதுரைக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது கோவில்பட்டி தாண்டினதும் அவளுக்குக் குளிர்ந்து நடுங்கியது, காய்ச்சல் ஏறிக்கொண்டே வந்தது, வீட்டுக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேலே. அவர் நிறுத்திருவோம், யாரையாவது கூப்பிடுவோம் என்று கெஞ்சினார், அவள் கேட்கவில்லை. எனக்கு நூத்தி மூணு, வண்டிக்கு எண்பது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லச் சொல்ல அவளுக்கு இனிக்கும். தட்டாமல் முட்டாமல் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தி, கைப்பிரேக்கையும் போட்டுவிட்டுத்தான் மயங்கினாள். அவள் அதைச் சொல்ல ஆரம்பித்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது போல என்று நினைத்துக்கொள்வாள். இனிமேல் அவர் முன்னால் சொல்லக் கூடாது. இனிமேல் அவர் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்ல வேண்டும். ரேடியோவைச் சத்தமாக வைத்தால்கூட ஒன்றும் சொல்லக் கூடாது.

நாலாவது டயருக்கு வந்தபோது அவர் ஆணியைக் கேட்டார். "நான் ஒண்ணு செய்யட்டா?"

கொடுத்தாள். அவர் வேட்டி கட்டாமல் பேன்ட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்பதே அப்போதுதான் உறைத்தது, காலில் கான்வாஸ் ஷூவும் போட்டிருந்தார். குந்தி உட்கார்ந்து, வால்வு மூடியைக் கழற்றி, வாயில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டு, ஆணியைப் பதமாக அழுத்தினார். பின்கழுத்தில் முடி வெட்டிய இடத்துக்கு மேலே நரை தெரிந்தது, இவ்வளவு நரை எப்போது வந்தது, தினமும் பார்க்கிற கழுத்தில் எப்போது வந்தது. ஸ்ஸ் என்று காற்று இறங்க இறங்க அவளுக்கு உள்ளே எதுவோ இறங்கியது. சரி, வந்தால் வரட்டும். கடையை இரண்டு மாசம் மூடலாம். நாகர்கோவில் தங்கச்சியை வந்து வீட்டில் இருக்கச் சொல்லலாம். மதுரையில் காட்டலாம், மதுரையில் முடியாது என்றால் வேலூர், வேலூருக்கு ரயில் எதற்கு, வண்டி இருக்கிறது, விடிகாலையில் எடுத்தால் திருச்சியில் காலைச் சாப்பாடு, பின் இருக்கையை மடக்கி மெத்தை விரித்து அவரைப் படுக்க வைத்துக்கொள்ளலாம், இந்த வண்டி குட்டை, அவருக்குக் கால் நீளம், குறுக்காகப் படுக்க வேண்டும். மனசு அதற்குள் திருச்சியைத் தாண்டி, விழுப்புரத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து, பதினெட்டு என்றார். முகத்தில் பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வருகிற பையனின் சந்தோஷம் இருந்தது. நோயாளியின் முகமா இது? சில பேர் அப்படித்தான் கடைசிவரைக்கும் முகத்தில் காட்டமாட்டார்கள்.

ஏறி உட்கார்ந்தார்கள். கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டி லீவரைத் தள்ளி நாலு சக்கரத்தையும் இழுக்க வைத்தாள், முதல் கியரில் எடுத்து உடனே இரண்டாவதுக்கு மாற்றினாள், வண்டி மணலுக்குள் இறங்கியது. தார் ரோட்டில் வண்டி ஓடும், மணலில் மிதக்கும். ஸ்டீயரிங் லேசாக அலையும், அலையட்டும் என்று விட்டுவிட வேண்டும், அதோடு சண்டை போட்டால் அது ஜெயித்துவிடும். முதல் மேடு வந்தது, எஞ்சின் கொஞ்சம் தொண்டையைக் கனைத்தது, கால் ஒரு நூல் கூடுதலாக அழுத்தியது, ஏறியாயிற்று. எப்போதும் இந்த இடத்தில் அவள் தன்னை அறியாமல் சத்தமாகச் சிரிப்பாள், தனியாக இருக்கிறோம் என்ற தைரியத்தில். இன்றும் சிரிப்பு வந்தது, பாதி வந்ததும் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடவில்லை. கைப்பிடியைப் பிடிக்கவில்லை. குனிந்து அவளுடைய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, ஜெபம் போல. இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளுடைய பாதத்தை இப்படிப் பார்த்ததில்லை. இந்த மூன்று வாரமாக வண்டியில் கடைவீதிக்குப் போகும்போதும் வரும்போதும் அங்கேதான் பார்வை, அவள் பழைய செருப்பைப் பார்க்கிறார் என்று நினைத்துப் புதுசுகூட வாங்கினாள். ஒருவரின் பாதத்தை ஏன் அப்படிப் பார்ப்பார்கள்? மனப்பாடம் செய்துகொள்கிறாரா? அவ்வளவுதான், அதற்குமேல் அவளால் முடியவில்லை. இரண்டாவது மேட்டின் உச்சியில், வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். கிழக்கே ரொம்ப தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது.

"அந்தப் பேப்பர்ல என்ன போட்டிருக்கு?" என்று கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எந்தப் பேப்பர்?"

"உங்க பையில இருந்துச்சுல்லா. டாக்டர் சீல் வச்சது. போட்டோ ஒட்டினது."

மணல் துகள்கள் கண்ணாடியில் பட்டு உதிர்கிற சத்தம் கேட்டது. விழுப்புரத்தில் நின்ற மனசு ஒரே தாவலில் திரும்பி வந்து வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டது.

"நாப்பது வயசுக்கு மேல லைசென்ஸுக்கு எழுதிப் போடணும்னா, நல்லா இருக்கான்னு டாக்டர் ஒருத்தர் எழுதித் தரணுமாம்" என்றார். "அதான்."

"யாருக்கு லைசென்ஸ்?"

"எனக்குத்தான், எப்சி."

அவர் பர்ஸைத் திறந்து, மடித்து வைத்திருந்த பழகுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினார். அதே நீலச் சட்டைப் போட்டோ. அவள் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கடையில் லென்ஸில் கீறல் பார்ப்பதைப் போல. அப்புறம் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டும் ஒரே மூச்சில் வந்து இருமலாக முடிந்தது. ஐந்து நாளாக அவரை எந்தெந்த ஆஸ்பத்திரியில் எல்லாம் சேர்த்தாள் என்று சொல்லி, தோளில் நாலு அடி அடித்தாள். வேலூர்வரைக்கும் கொண்டுபோயிட்டேன் உங்களை, மெத்தை விரிச்சாச்சு என்றாள். அவர் முதலில் திகைத்து, பிறகு வெட்கப்பட்டு, எல்லாவற்றையும் சொன்னார். ஸ்பெஷல் கிளாஸ் உண்மைதான், மாணவன் அவர்தான். ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் அவரிடம் படித்தவன், வணிகவியலில் அவனை இரண்டு தடவை ஃபெயிலாக்கினவர் இவர், அவன் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக்காட்டவில்லை, கிளச்சை மெதுவா விடுங்க சார் என்று மட்டும் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறான். முதல் வாரம் முழுக்கக் கெண்டைக்கால் வலி. இப்போது தேவலை. வியாழக்கிழமை தேர்வு, எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். எட்டில் கீழ் வளையம் நன்றாக வருகிறது, மேல் வளையத்தில் கல்லைத் தட்டிவிடுகிறார். காற்று வடிகட்டி எங்கே இருக்கிறது என்றும், மணலுக்குப் பதினெட்டு என்றும் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

எல்லாம் சரி, முப்பது வருஷம் தொடாததை இப்போது என்னத்துக்குத் தொட வேண்டும் என்று அவள் கேட்டாள். கேட்டது கேலியாகத்தான். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கோவில்பட்டியில இருந்து நீ காய்ச்சலோட ஓட்டிக்கிட்டு வந்தேல்லா" என்றார். "நான் பக்கத்துல தண்ணி பாட்டிலைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். நூறு கிலோமீட்டரும் அதைத்தான் பிடிச்சிக்கிட்டு வந்தேன். அதான்."

கடையில் எத்தனை முறை சொல்லியிருப்பாள் அந்தக் கதையை, எண்பது என்று சொல்லும்போது எவ்வளவு இனித்தது, அதே வண்டிக்குள் ஒரு முழ தூரத்தில் இன்னொரு பயணம் நடந்திருக்கிறது, அது அவளுக்குத் தெரியவே இல்லை. அவர் எழுந்து வெளியே போனது அலுப்பில் இல்லை. அவள் ஸ்டீயரிங்கைத் துடைத்தாள், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அவர் முன்னால் கையைக் காட்டி, கீழே அந்தச் சமதரை வரைக்கும் நான் ஓட்டட்டா, இங்கே இடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை பாரு என்றார். இடிப்பதற்கு மூன்று பனை இருந்தது. எவ்வளவு அகலமான மணலில் எவ்வளவு ஒல்லியான மூன்று பனை, ஆனாலும் சாம்பார் அண்டா மட்டும் என்ன பெரிய பந்தலையா அடைத்துக்கொண்டு நின்றது. எதைக் கேட்டாலும் சரி என்று சொல்வதாகக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் முடிவு செய்திருந்தாள், அது நோயாளிக்கு, இவர் நோயாளி இல்லை, திடகாத்திரமாக உட்கார்ந்துகொண்டு அவளுடைய இடத்தைக் கேட்கிறார். ஆமாம், அவளுடைய இடம்தான். இருக்கையின் பள்ளம் அவள் உடம்பின் பள்ளம். கொடுக்க மனசில்லை என்பதை அவள் தன்னிடம் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த மனசில்லாமையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள்.

வண்டியின் முன்னால் இரண்டு பேரும் கடந்தபோது, ஒருவர் இடப்பக்கமும் ஒருவர் வலப்பக்கமும் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொண்டார்கள். அவர் ஏறி, இருக்கையைப் பின்னால் தள்ளினார், நடுக்கண்ணாடியைத் திருப்பினார், அவளுக்குச் சுருக்கென்றது, பொறுத்துக்கொண்டாள். இடது பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த வண்டி வேறு வண்டியாக இருந்தது, முன்மூடி நீளமாக, மணல் பக்கத்தில், பனைகள் மூன்றும் ரொம்பப் பக்கத்தில். முதல் தடவை வண்டி குதித்து அணைந்தது. இரண்டாவது தடவையும். அவள் வெளியே பார்த்துக்கொண்டாள், மயிலைத் தேடுகிறவள் மாதிரி. மூன்றாவது தடவை கிளச்சை அவர் நூல் பிரிப்பதைப் போல விட்டார், வண்டி மூக்கைத் தாழ்த்தி இறக்கத்தில் நடந்தது. ஓடவில்லை, நடந்தது. எருமை கூட வந்திருந்தால் முந்தியிருக்கும். அவளுடைய வலது கால் அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தியது, வாய் இடம் என்றும் வலம் என்றும் சொல்லத் துடித்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் கழுத்தை நீட்டி, ஸ்டீயரிங்கைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் மாதிரி பிடித்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். இப்போது பக்கத்தில் இருந்ததால் காதில் விழுந்தது. ஜெபம் இல்லை. மெதுவா விடுங்க சார், மெதுவா விடுங்க சார்.

முதல் பனை போயிற்று. இரண்டாவது பனை போயிற்று. மூன்றாவது ஒரு கை தள்ளி, மரியாதையாக ஒதுங்கிப் போயிற்று. சமதரை வந்துவிட்டது, பேச்சு அதுவரைக்கும்தான், அவர் காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோவதை அவள் பார்த்தாள். எதிரே அடுத்த மேடு எழுந்து நின்றது, பெரிய மேடு இல்லை, ஆனால் மேடுதான், காலை வெயில் அதன் முகத்தில் முழுசாக விழுந்திருந்தது. அவர் நெற்றியில் வியர்வை புருவம்வரைக்கும் வந்து நின்றது.

"நிறுத்தவா?" என்று திரும்பாமலேயே கேட்டார்.

எப்சிபா தன் துப்பட்டா நுனியால் அவர் நெற்றியை ஒற்றி எடுத்தாள்.

"ரெண்டாவதைப் போடுங்க" என்றாள்.

கியர் ஒரு முறை நறநறத்தது, தடுமாறியது, விழுந்தது. வண்டி மேட்டில் ஏற ஆரம்பித்தது.